துரோவாவில் தீத்து இல்லை

(ஆயர்களும் உபதேசியார்களும் குடும்பமாகக் கூடிய ஒரு கூடுகையில் பேசியதன் எழுத்து வடிவம்)

அன்பான ஊழியர்களே, உங்களோடு வந்திருக்கும் அம்மாமார்களே, பிள்ளைகளே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

போன மே மாதக் கடைசியில் ஒருநாள் ராத்திரி தூக்கம் வராமல் டைரியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். சாம்பல் புதனிலிருந்து அன்றுவரை என் சொந்தக் கட்டிலில் படுத்த இரவுகளை எண்ணினேன். பாதிகூட இல்லை. வாசலுக்குப் பக்கத்தில் நிற்கிற பயணப் பையை என் மனைவி உள்ளே எடுத்து வைப்பதையே விட்டுவிட்டாள். எப்படியும் நாளைக்கு மறுநாள் அது மறுபடி வெளியே வரத்தான் போகிறது.

இது உங்களுக்குத் தெரியாத காலம் இல்லை. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து நாட்களில் ஒவ்வொரு கிளைச் சபையிலும் தியானக் கூட்டம். குருத்தோலை ஞாயிறு பவனி, பெரிய வியாழன் இராப்போஜனம், பெரிய வெள்ளி பகல் 12 மணியிலிருந்து 3 மணிவரை ஏழு வார்த்தைகள், ஈஸ்டர் விடியற்காலம் நாலரை மணிக்கு ஆராதனை. லெந்தில் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் தேங்கி நின்ற கல்யாணமெல்லாம் ஈஸ்டர் முடிந்த கையோடு வரிசைகட்டும். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி, வாலிபர் முகாம். அப்புறம் கன்வென்ஷன்கள். ஒன்று முடிந்து பந்தல் பிரிப்பதற்குள் அடுத்த ஊரில் நம் படம் போட்ட போஸ்டர் ஒட்டியிருப்பார்கள்.

அப்படி ஒரு கன்வென்ஷன். ஊர் பேர் வேண்டாம். மூன்று நாள் கூட்டம், நல்ல ஜனத்திரள். இரண்டாம் நாள் ராத்திரி யோவான் 15ஐ எடுத்து, 'இனி நான் உங்களை ஊழியக்காரரென்று சொல்லுகிறதில்லை, சிநேகிதர் என்றேன்' என்ற வசனத்தைப் பேசினேன். நிறையப் பேர் அழுதார்கள். கூட்டம் முடிந்ததும் ஒரு தம்பி பைக்கில் என்னை லாட்ஜில் கொண்டுவந்து விட்டு, டிபன் கேரியரைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அறையில் ஒரு கட்டில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கேரியரைத் திறந்தால் இட்லி ஆறிப்போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டு இல்லை. கேரியர் மூடியிலேயே வைத்துச் சாப்பிட்டேன். சிநேகிதர் என்று ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்தவனுக்கு, அந்த ஊரில் பேர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் தெரியாது. அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். நானும் செய்ய வேண்டியதைச் செய்தேன். எங்களுக்கு நடுவில் அதற்குமேல் ஒன்றும் இருக்கவில்லை.

அந்த ராத்திரிதான் இரண்டாம் கொரிந்தியர் 2ஆம் அதிகாரம் எனக்குப் புரிந்தது. பவுல் துரோவா பட்டணத்துக்கு வருகிறார். சுவிசேஷம் சொல்லத்தான் வருகிறார். கர்த்தராலே கதவு திறந்திருக்கிறது. நம் பாஷையில் சொன்னால், இடம் கிடைத்துவிட்டது, ஜனம் கேட்கத் தயாராக இருக்கிறது, தேதியும் ஒத்துவருகிறது. ஆனால் அவரோடு ஊழியம் செய்கிற தீத்து அங்கே இல்லை. தீத்துவைக் காணாததினாலே என் ஆவிக்கு அமைதலில்லை என்று எழுதுகிறார். எழுதிவிட்டு என்ன செய்தார்? திறந்திருந்த கதவை அப்படியே விட்டுவிட்டு மக்கெதோனியாவுக்குப் புறப்பட்டுவிட்டார். நாமாக இருந்தால் இதைச் சாட்சியாகச் சொல்வோமா? பவுல் மறைக்கவில்லை. ஐந்து அதிகாரம் தள்ளி, தீத்து வந்து சேர்ந்தான், தேவன் எங்களுக்கு ஆறுதல் செய்தார் என்றும் எழுதுகிறார். கொரிந்துவிலிருந்து தீத்து கொண்டுவந்த செய்தியும் ஆறுதல்தான். ஆனால் அவன் வந்ததே ஆறுதல் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் செய்திக்குப் போகிறார்.

அப்போஸ்தலர் நடபடிகளின் கடைசி அதிகாரத்தையும் பாருங்கள். கப்பல் உடைந்து, பாம்பு கடித்து, கைதியாக ரோமாபுரிக்கு நடந்து போகிற மனுஷன். ரோமிலிருந்த சகோதரர் சிலர் அப்பியுபுரம் வரைக்கும், சிலர் மூன்று சத்திரம் வரைக்கும் எதிர்கொண்டு வருகிறார்கள். அவர்களைக் கண்டு பவுல் தேவனை ஸ்தோத்திரித்துத் தைரியமடைந்தான் என்று எழுதியிருக்கிறது. இராயனுக்கு முன்பாக நிற்கப் பயப்படாதவருக்கு, வழியில் வந்து நின்ற நாலு முகம் தைரியம் கொடுத்தது. பஸ் ஸ்டாண்டில் நமக்காக யாராவது காத்து நின்றால் என்ன நடக்கும் என்பது உங்களுக்கும் தெரியும். ஒருமுறை கோபி பக்கம் ஒரு கிராமத்துக்கு ராத்திரி ஒன்றரை மணிக்குப் போய் இறங்கினேன். மழை. கடையெல்லாம் அடைத்துக் கிடந்தது. அங்கேயிருந்த வயதான உபதேசியார் ஒரு கையில் டார்ச், ஒரு கையில் குடையோடு புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். 'கடைசி பஸ்ஸு எப்பவும் லேட்டுங்கய்யா, அதான் பத்து மணிக்கே வந்துட்டனுங்க' என்றார். லேட் ஆகும் என்று தெரிந்தும் சீக்கிரமே வந்து நின்ற கணக்கு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வீட்டுக்குப் போனதும் அவர் வீட்டம்மா சுக்குக் காபி வைத்துக் கொடுத்தார்கள். அந்த ஊரில் நான் என்ன பிரசங்கம் செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. காபியின் காரம் ஞாபகம் இருக்கிறது.

சரி, மாநாடுகளைப் பற்றிப் பேச வேண்டும். நம் ஆட்களில் மாநாட்டு மேடையில் நின்று பேசியவர்களை எண்ணினால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874இல் திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். அப்பாவும் குருவானவர். ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகத் தென்னிந்தியா முழுக்கச் சுற்றினார். 1902இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசைப் போட்டு ஊழியர்களை அனுப்புவதைப் பார்த்தார். நம் ஊரில் ஏன் இது இல்லை என்ற கேள்வி அவரை விடவில்லை. அடுத்த வருஷமே, 1903இல், திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. ஒரு பயணம் அவருக்குள் போட்ட விதை அது. அப்புறம் தாமே மிஷனரியாக நிஜாம் ராஜ்ஜியத்திலிருந்த தோர்ணக்கல்லுக்குப் போய்த் தெலுங்கு கற்றுக்கொண்டார்.

1910 ஜூன் மாதம் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. ஏறக்குறைய 1,200 பிரதிநிதிகள். ஆசியாவிலிருந்து போனவர்கள் இருபது பேர்கூட இல்லை. அவர்களில் ஒருவர் நம் அசரியா. வயது 35. வாரக்கணக்கில் கப்பலில் போனவர். அந்தச் சபைக்கு எது இதமாக இருக்குமோ அதைப் பேசி, கைதட்டல் வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். அவருக்குக் கொடுத்த பொருள் வெளிநாட்டு ஊழியர்களும் உள்ளூர் ஊழியர்களும் ஒத்துழைப்பது பற்றியது. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு விலகல் இருக்கிறது, மனம் திறந்த பழக்கம் இல்லை என்று நேராகவே சொன்னார். மேலே நின்று கீழே பார்த்துக் காட்டுகிற அன்பு நட்பு ஆகாது என்றார். அவரைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் வெளிநாட்டு மிஷனரிகளும் மிஷன் சங்கத்தாரும்தான் என்பதை மறக்க வேண்டாம். முடிக்கும்போது முதலாம் கொரிந்தியர் 13ஐ எடுத்தார். உங்கள் ஆஸ்தியை ஏழைகளுக்குக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரங்களைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அரங்கத்தில் முகம் சுளித்தவர்களும் உண்டு.

இவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது? அவருக்கு ஒரு நண்பர் இருந்தார் என்று நான் நினைக்கிறேன். ஷெர்வுட் எடி. அமெரிக்காவிலிருந்து 1896இல் வந்தவர், தமிழ் படித்தவர், அசரியாவோடு நம் ஊர்களில் சேர்ந்து சுற்றியவர், சேர்ந்து ஜெபித்தவர். வெள்ளைக்காரரும் இந்தியரும் சமமாக உட்கார்ந்து பேச முடியும் என்பதை அசரியா வருஷக்கணக்காக அனுபவித்துப் பார்த்திருந்தார். கிடைக்காத ஒன்றுக்காக ஏங்கி அவர் அப்படிக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. தனக்குக் கிடைத்தது மற்ற இந்திய ஊழியர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்டார்.

இரண்டு வருஷம் கழித்து, 1912 டிசம்பரில், கல்கத்தாவில் அசரியா தோர்ணக்கல் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். அப்புறம் 1919 மே மாதம் தரங்கம்பாடி. ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1706இல் கரையிறங்கிய அதே ஊரில் 33 பேர் கூடினார்கள். இரண்டு பேரைத் தவிர எல்லாரும் இந்தியர்கள். அந்த இரண்டு பேரில் ஒருவர் எடி. மற்றவர் நம் ஈரோட்டில் ஊழியம் செய்த, தமிழ் இசையில் ஊறிப்போன பாப்ளி ஐயா. மே மாத வெயிலில், தரங்கம்பாடி உப்புக் காற்றில் உட்கார்ந்து, பல சபைகளாகப் பிரிந்து கிடக்கிறோமே, ஒன்றாக வேண்டாமா என்று பேசினார்கள். அந்தப் பேச்சு 28 வருஷம் நடந்து, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபையாக முடிந்தது. அசரியா அதைப் பார்க்கவில்லை. 1945 ஜனவரி 1 அன்றே போய்விட்டார். நம் சபையின் சரித்திரத்தில் அறிக்கைகளையும் குழுக்களையும் எல்லாரும் எழுதுகிறார்கள். எடின்பரோவில் நண்பர்களைக் கேட்டவர் பக்கத்தில், ஒன்பது வருஷம் கழித்துத் தரங்கம்பாடியில் அதே பழைய நண்பர் உட்கார்ந்திருந்தாரே, எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

இப்போது நம்மிடம் வருகிறேன். கொஞ்சம் கசக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஊழிய நட்பு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அழைப்புக்கு அழைப்பு. என் சபைக் கன்வென்ஷனுக்கு உங்களைக் கூப்பிடுகிறேன், உங்கள் சபைப் பண்டிகைக்கு நீங்கள் என்னைக் கூப்பிடுகிறீர்கள். மேடையில் ஒருவரையொருவர் வல்லமையான தேவமனுஷன் என்று அறிமுகப்படுத்துகிறோம், சால்வை போடுகிறோம். இறங்கி வந்ததும் மகன் படிப்பு நின்றுபோனது, வீட்டம்மா மூன்று மாதமாக மருந்து சாப்பிடுகிறாள், எனக்கு ஜெபமே ஓடவில்லை, இதில் ஒன்றையாவது சொல்கிறோமா? சொன்னால் அடுத்த இடமாற்றத்தில் யார் காதுக்குப் போகுமோ என்ற பயம். நம்மில் எத்தனையோ பேர் ஆயிரம் பேருக்கு ஆலோசனை சொல்லிவிட்டு, தங்களுக்கென்று ஒரு ஆளில்லாமல் ஓய்வு பெற்றுப் போகிறார்கள். இது நல்லதல்ல. எனக்கு வேதனையாக இருக்கிறது.

என் சொந்தக் குற்றம் ஒன்றையும் உங்கள் முன்னால் வைக்கிறேன். சில வருஷங்களுக்கு முன்னால், இதே மாதிரி ஒரு மே மாதம். என் கிளைச் சபை ஒன்றில் ஒரு பாட்டியம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தார்கள். புறப்படுவதற்கு முந்தின நாள் போய்ப் பார்த்தேன். 'போய்ட்டு வெரசா வந்துடுங்கய்யா' என்று என் கையைப் பிடித்தார்கள். இரண்டு நாள்தான், வந்துவிடுவேன் என்றேன். தூரத்து ஊரில் இரண்டு நாள் கூட்டம் நன்றாக நடந்ததும், மூன்றாம் நாளும் இருங்கள் என்று கேட்டார்கள். இருந்துவிட்டேன். கூப்பிட்டார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அந்த மூன்றாம் நாள் சாயங்காலம் பாட்டியம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. 'ஐயா வந்துட்டாருங்களா?' என்று இரண்டு தடவை கேட்டார்களாம்.

என் வீட்டிலிருந்து பக்கத்துச் சபை ஆயருக்குப் போன் போயிருக்கிறது. அவருக்கும் அன்றைக்கு ஒரு கல்யாண ஆராதனை. அதை முடித்து, அங்கியைக்கூடக் கழற்றாமல் ஸ்கூட்டரில் வந்து, நற்கருணை கொடுத்து, விடியவிடியப் பக்கத்தில் இருந்திருக்கிறார். காலையில் எனக்குப் போன் செய்து, 'அம்மா சமாதானமாப் போய்ட்டாங்க. நீங்க பதறாம வாங்க, அடக்கத்துக்கு நேரம் இருக்குது' என்றார். நீங்கள் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. அடக்கம் முடிந்து ஜனமெல்லாம் போன பிறகு, கல்லறைத் தோட்டச் சுவரோரம் என் பக்கத்தில் உட்கார்ந்து, 'மூணாவது நாளு வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்ல?' என்று மட்டும் கேட்டார். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. நான் அழுதேன். அவர் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து எந்த அழைப்பு வந்தாலும் டைரியில் எழுதுவதற்கு முன்னால் அவருக்கு ஒரு போன் போட்டுவிடுகிறேன். போக வேண்டாம் என்று அவர் சொன்ன இடங்களும் உண்டு. போகவில்லை.

சபை மூப்பர்கள் சிலரும் இங்கே வந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் ஆயர் மாதத்தில் ஒருநாள் வேலை ஒன்றும் இல்லாமல் இன்னொரு ஆயர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால், ஊர் சுற்றுகிறார் என்று பேசாதீர்கள். வெளியூரிலிருந்து பிரசங்கியாரைக் கூப்பிட்டால், காணிக்கைக் கவரை எவ்வளவு தடிமனாக வைப்பது என்று யோசிப்பதைவிட, யார் வீட்டில் அவரை உட்காரவைத்துச் சோறு போடுவது என்று யோசியுங்கள். கேரியர் வேண்டாம். இலை போட்டு, பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள்.

அந்தப் பக்கத்துச் சபை ஆயருக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் கோத்தகிரிப் பக்கம் மாற்றல் வந்தது. சாமான் ஏற்றின லாரிக்குப் பின்னாலேயே நானும் போனேன். மூன்று நாள் இருந்தேன். திரும்பும்போது என் ஸ்வெட்டரை அவர் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியிலேயே மறந்துவிட்டு வந்துவிட்டேன். பார்சலில் அனுப்பட்டுமா என்று அவர் கேட்கவேயில்லை. வந்து எடுத்துக்கோங்க என்கிறார்.

பவுலும் கடைசி நிருபத்தில் தீமோத்தேயுவுக்கு அப்படித்தான் எழுதுகிறார். கார்ப்பு வசத்தில் வைத்துவந்த மேலங்கியை எடுத்து வா, மாரிகாலத்துக்கு முன்னே வந்துசேர் என்று. அந்தக் கார்ப்பு இருந்த ஊர் எது தெரியுமா? துரோவா. அன்றைக்குத் தீத்துவைக் காணாமல் அமைதியில்லாமல் புறப்பட்டுப்போன அதே துரோவா. கடைசிக் காலத்துக்குள் அங்கேயும் ஒரு வீடு அவருக்குக் கிடைத்திருக்கிறது, துணியை நம்பி விட்டுவிட்டு வருகிற மாதிரி.

இந்த மே மாதக் கடைசி வாரத்துக்கு இரண்டு இடத்திலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். இரண்டுக்கும் வர முடியாது என்று எழுதிவிட்டேன். மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறிக் கோத்தகிரி போகிறேன். என் மனைவியும் வருகிறாள்.