ஆட்டைப் பெருக்கினது மேய்க்கிறவரா, மார்க்கெட்டா?

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன் மேஜையைத் தட்டித் தட்டி பேசிட்டு போனாரு. மங்கோலியாவுல புல்வெளி வீணாப்போறதுக்கு ஆடு மேய்க்கிறவங்க பேராசைதான் காரணமாம், 1990-ல சுமார் 50 லட்சம் இருந்த வெள்ளாடு 2018-ல 2 கோடியே 70 லட்சம் ஆயிடுச்சாம். கணக்கு சரிதாங்க. ஆனா 1990-ல என்ன நடந்துச்சுன்னு அண்ணன் வாயே திறக்கலையே!

அதுக்கு முன்னாடி மந்தை கூட்டுப்பண்ணையோடது, நெக்தெல்னு பேரு, மேய்க்கிறவருக்கு மாச சம்பளம், மாட்டு டாக்டர் வருவாரு, குளிருக்கு வைக்கோல் வரும். கம்யூனிஸ்ட் ஆட்சி மாறி அதெல்லாம் கலைஞ்சுபோச்சு, ஃபேக்டரி மூடி வேலை போனவங்களும் ஆடு ஓட்ட வந்துட்டாங்க, கையில காசா மாறுறது வெள்ளாட்டோட உள்ரோமம்தான், அதாங்க காஷ்மீர் கம்பளி, அப்போ எதை வளர்ப்பாங்க, நீங்களே சொல்லுங்க.

சரி, அந்த ரோமக் கணக்கைப் பாப்போம். வருஷத்துக்கு ஒரே தடவை, வசந்த காலத்துல ஆட்டைப் படுக்கவச்சு சீப்பால வாரி எடுக்கணும், ஒரு ஆட்டுக்கு சுமார் கால் கிலோதான் வரும், அதுலயும் கழுவி முரட்டு முடியைப் பிரிச்சா பாதி காணாம போயிடும். ஒரு ஸ்வெட்டருக்கு மூணு நாலு ஆடு வேணும். இதுல கொடுமை என்னன்னா, வாங்க வர்ற வியாபாரி பெரும்பாலும் நைஸ் ரோமம், முரட்டு ரோமம்னு பிரிச்சு விலை போடுறதில்ல, தராசுல வச்சு கிலோவுக்கு இவ்ளோன்னு குடுத்துட்டு போயிடுவாரு. தரத்துக்கு காசு இல்லன்னா வருமானத்தைக் கூட்ட ஒரே வழி தலை எண்ணிக்கைதானே! நைஸுக்கு விலை ஏறுறதெல்லாம் அப்புறம்தான், பெரும்பாலான சரக்கு சீனாவுக்குப் போய் அங்கேர்ந்து இத்தாலி ஷோரூம் லேபிள் ஒட்டின பிறகு.

இன்னொண்ணு, கடன். பிள்ளைங்க படிப்புக்கு, தீவனத்துக்குன்னு கடன் வாங்கிட்டு ரோம சீசன்ல அடைக்கிறாங்க, எல்லாரும் ஒரே நேரத்துல விக்கிறதால வியாபாரி சொன்னதுதான் விலை. நடுவுல 'ட்சுட்' வரும், அதாவது பனி இறுகி மந்தை பட்டினியில சாகுற குளிர்காலம். 2009-10-ல 80 லட்சம் கால்நடைக்கு மேல செத்துச்சு, 2024-லயும் 70 லட்சத்துக்கு மேல. ஆடு செத்தாலும் கடன் சாகாதுங்க! அதனாலதான் பாதி போனாலும் பாதி மிஞ்சட்டும்னு இன்னும் பத்து குட்டியை விடுறாங்க.

ஆட்டைக் குறைச்சுக்க வேண்டியதுதானேன்னு அண்ணன் கேட்டாரு. 300 ஆட்டை 200 ஆக்கினா தவணையையும் மூணுல ரெண்டா குறைச்சு வாங்கிக்கிற பேங்க் எதுன்னு சொல்லட்டும், நடுவரே, நான் இப்பவே அந்த அணிக்குப் போய் உக்காந்துக்கிறேன்.