கோழி அடையும் நேரம்

வணக்கம். கோழிகளை நோய்நொடி இல்லாமல் வளர்ப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். மருந்து, தடுப்பூசி என்று தொடங்கலாம்தான். ஆனால் நான் பொழுது சாய்ந்தபின் வரும் அரை மணி நேரத்திலிருந்து தொடங்குகிறேன். கோழிகள் ஒவ்வொன்றாகக் கொட்டகைக்குள் ஏறி, இடத்துக்குச் சண்டை போட்டு, ஒருவழியாக அடங்கும் நேரம். வளர்ப்பவர் டார்ச் லைட்டோடு உள்ளே போக வேண்டிய நேரம் அதுதான்.

பகலில் கோழி தன் நோயை மறைக்கும். சோர்ந்து நின்றால் மற்ற கோழிகள் கொத்தத் தொடங்கிவிடும். அதனால் உடம்புக்கு முடியாத கோழிகூட ஆளைக் கண்டதும் நிமிர்ந்து நிற்கும், தீவனத்தைக் கொத்துவதுபோல் பாவனை செய்யும். ‘இது மந்தமாக இருக்கிறதே’ என்று நமக்குப் படும்போது நோய் முற்றியிருக்கும். இருட்டிவிட்டால் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. கையில் எடுத்தாலும் பெரிதாக ஆர்ப்பாட்டம் செய்யாது.

எடுத்ததும் கழுத்து முடியும் இடத்தில், நெஞ்சின் வலப்பக்கம் தடவிப் பாருங்கள். தீனிப்பை நிரம்பி உருண்டையாக இருக்க வேண்டும். காலியாக இருந்தால் அன்று அது சரியாகத் தின்னவில்லை. விடிந்ததும் அதே பை வற்றியிருக்க வேண்டும். அப்போதும் கல் மாதிரி இருந்தால் அடைப்பு. அப்புறம் நெஞ்செலும்பு. இருபுறமும் சதை இருந்தால் சரி. எலும்பு கத்தி முனைபோல் கையில் பட்டால், பல நாளாக இளைத்துக்கொண்டே வந்திருக்கிறது. பார்த்து முடித்ததும் டார்ச்சை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா நில்லுங்கள். பகல் இரைச்சலில் கேட்காத தும்மலும் கொர்கொர்ப்பும் அப்போது கேட்கும்.

கோழிகள் உட்காரும் கம்பின் அடிப்பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தைத் தேய்த்துப் பாருங்கள். சிவப்பாக இழுவினால் உண்ணி இருக்கிறது. பகலெல்லாம் விரிசலுக்குள் ஒளிந்திருந்து, இரவில் ஏறி ரத்தம் குடிக்கும் பொடிப்பூச்சி அது. பகலில் கோழியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாலும் அகப்படாது. கொண்டை வெளுத்து, முட்டை குறைந்ததும் நாம் தீவனத்தைத் திட்டிக்கொண்டிருப்போம். நானும் திட்டியிருக்கிறேன். ஒரு மாதம் தீவனத்தை மாற்றி மாற்றிப் பார்த்தேன், குற்றவாளி கம்புக்கு அடியில் இருந்தது.

அப்படியே குனிந்து மூக்கைக் கோழியின் உயரத்துக்குக் கொண்டுபோங்கள். நின்றபடி மோந்தால் நமக்கு ஒன்றும் தெரியாது. கண் எரிந்தால் அம்மோனியா சேர்ந்துவிட்டது. தரைக் கூளத்தை ஒரு பிடி எடுத்து இறுக்கிவிட்டுக் கையை விரியுங்கள். உதிர்ந்தால் நல்லது, உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். இந்த ஈரத்திலும் வெதுவெதுப்பிலும்தான் ரத்தக்கழிச்சல் கிருமி ஓரிரு நாளில் வீரியம் பெறுகிறது. பெரும்பாலும் குஞ்சுகளைத்தான் பிடிக்கும். பல கொட்டகைகளில் ஈரத்துக்குக் காரணம் ஒழுகும் தண்ணீர்க் குவளை. அதைக் கோழியின் முதுகு உயரத்துக்குத் தூக்கிக் கட்டினாலே பாதிச் சேறு நின்றுவிடும்.

வெள்ளைக்கழிச்சல் வேறு கதை. அது வைரஸ். வந்தபின் குணப்படுத்த மருந்து கிடையாது, தடுப்பு மருந்துதான் வழி. குடிநீரில் கலந்து கொடுப்பதானால் குளோரின் கலந்த தண்ணீர் ஆகாது. மருந்தில் உள்ள உயிருள்ள வைரஸ் செத்துவிடும். 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருந்த மருந்தை, வெயில் ஏறுமுன் கலந்து, தாகத்தோடு இருக்கும் கோழிகளுக்கு வையுங்கள். எத்தனையாவது நாளில் எந்த மருந்து என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒருமுறை நாலு பெட்டைகளை வாங்கிவந்து, பார்க்க நன்றாகத்தானே இருக்கின்றன என்று அன்று மாலையே கூட்டத்தோடு விட்டேன். பத்து நாளில் கொட்டகை முழுக்கத் தும்மல். இப்போதெல்லாம் புதுக் கோழிக்கு 30 நாள் தனி இடம். தீவனமும் பழைய கோழிகளுக்கு வைத்த பிறகுதான் அவற்றுக்கு. அந்தப் பக்கம் போக வேறு செருப்பு. எச்சம் ஒட்டிய செருப்பைவிட நோய்க்கு நல்ல வண்டி கிடையாது.

கடைசியில் கதவும் வலையும். மெல்லிய கோழிவலை கோழி வெளியே போகாமல் தடுக்கும். கீரியோ நரியோ உள்ளே வராமல் தடுக்காது. அரை அங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த கம்பி வலை வேண்டும். அதைச் சுவரோடு நிறுத்தாமல், வெளிப்புறமாக ஓர் அடி மண்ணுக்குள் படுக்கவைத்து மூடுங்கள். தோண்ட வரும் பிராணி சுவரை ஒட்டித்தான் தோண்டும். நகம் கம்பியில் மாட்டியதும் விட்டுவிடும். ஓர் அடி பின்னால் போய்த் தோண்ட அதற்குப் பெரும்பாலும் தோன்றுவதில்லை, நம் அதிர்ஷ்டம்.

தாழ்ப்பாள் போடுமுன் கோழிகளை எண்ணுங்கள். காலையில் திறந்ததும் எல்லாம் தடதடவென்று இறங்கி ஓடும். தயங்கித் தயங்கிக் கடைசியாக இறங்குவது எது என்று மட்டும் பார்த்துவையுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து அதே கோழி என்றால், அன்று இரவு டார்ச்சோடு முதலில் அதனிடம் போங்கள்.

நன்றி, வணக்கம்.