மொன்டிகியாரியில் ஒரு பேராவூர்க்காரர் பெயர்

அன்பர்களே, வணக்கம். முன்வரிசையில் இருக்கும் தம்பிகள் தங்கும் விடுதித் திடலில் ஆட்டத்தை முடித்துவிட்டு, வியர்வை காயும் முன்பே இந்தச் சமூக மன்றத்துக்கு வந்தவர்கள். வாரம் ஆறு நாள் கட்டுமானத் தளத்தில் வேலை, ஏழாம் நாள் வாலிபால். உங்களை மனத்தில் வைத்துத்தான் இன்று வாலிபால் வீரர் ஜிம்மி ஜார்ஜைப் பற்றிப் பேச வந்தேன்.

கேரளத்தில் கண்ணூர்ப் பக்கம் பேராவூர். 1955இல் அங்கே பிறந்தார். ஓர் அணிக்கு ஆறு பேர் போதும். அந்த வீட்டில் அண்ணன் தம்பிகளே எட்டுப் பேர், எட்டுப் பேரும் ஆடினார்கள். சொல்லிக்கொடுத்தவர் அப்பா. நீளம் தாண்டிய அஞ்சு பாபி ஜார்ஜைத் தெரியும்தானே? அவருடைய கணவரும் பயிற்சியாளருமான ராபர்ட் பாபி ஜார்ஜ் இந்த எட்டுப் பேரில் ஒருவர்.

16 வயதில் கேரள மாநில அணி, அப்புறம் இந்திய அணி, கேரளப் போலீசில் வேலை, இளம் வயதிலேயே அர்ஜுனா விருது. இதெல்லாம் வேகமாக நடந்தது.

அவர் ஆட்டத்தை நான் நேரில் பார்த்ததில்லை. சிங்கப்பூர் தேக்காவில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த மலையாளிப் பெரியவர் ஒருவர்தான் எனக்குக் காட்டினார். வலது கையை மேலே தூக்கி அப்படியே நிறுத்தினார். "எதிரே பிளாக் போடுகிறவன் குதிச்சு இறங்கிட்டான். ஜிம்மி இன்னும் மேலேதான் இருக்கான்" என்றார். தேநீர் ஆறிப்போனது, கை இறங்கவில்லை. வலையின் உயரம் 2.43 மீட்டர். தடுக்க எழுந்த கைகள் தாழும் அந்த இமைப்பொழுதுக்காகக் காற்றில் காத்திருந்து அடிப்பதுதான் அவருடைய ஸ்மாஷ். அந்தக் காலத்தில் சர்வீஸ் போடும் பக்கத்துக்குத்தான் புள்ளி. எதிரி சர்வீசில் எவ்வளவு பலமாக அடித்து ஜெயித்தாலும் சர்வீஸ்தான் கைக்கு வரும், புள்ளி வராது. ஒரே ஆட்டத்தில் எத்தனை தடவை எழும்பியிருப்பார், நினைத்துப் பாருங்கள்.

1979இல் அபுதாபி கிளப்புக்குப் போனார். 1982இல் இத்தாலி, ட்ரெவிசோ அணி. வெளிநாட்டுக்குப் போய்த் தொழில்முறையில் ஆடிய முதல் இந்திய வாலிபால் வீரர். பாஷை தெரியாத ஊர், வேறு சாப்பாடு, உடம்பை நம்பிப் பிழைப்பு. தம்பிகளே, இது உங்களுக்கு நான் விளக்க வேண்டிய விஷயமில்லை.

1986இல் சியோல் ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்காக ஆடினார். 1962இல் ஜகார்த்தாவில் வாங்கிய வெள்ளிக்குப் பிறகு, 24 ஆண்டுகள் கழித்து ஒரு வெண்கலம் கிடைத்தது. ஆசிய விளையாட்டு வாலிபாலில் இந்தியாவுக்குப் பதக்கம் அதோடு சரி.

1987 நவம்பர் 30. இத்தாலியில் கார் விபத்து. 32 வயது.

திருவனந்தபுரத்தில் அவர் பெயரில் உள்ளரங்கம் இருக்கிறது. சொந்த ஊர்க்காரர்கள் வைத்தது. கடைசியாக அவர் ஆடிய கிளப் மொன்டிகியாரி என்ற சிறிய இத்தாலிய ஊரில் இருந்தது. அந்த ஊர்க்காரர்களும் தங்கள் அரங்குக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 'பாலாஜார்ஜ்' என்பார்கள், ஜார்ஜ் அரங்கம். வேலைக்கென்று வந்து ஒரு சில பருவங்கள் ஆடிய மனிதரின் பெயர் அது.