அளவு குறித்தவர் யார்?

பெரியோர்களே, சகோதர சகோதரிகளே,

1823இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் நிறுவிய செமினரியில் வேதாகமமும் வானியலும் ஒரே கூரையின் கீழ்ப் படிப்பிக்கப்பட்டன. ஆகவே, பிரபஞ்சத்தின் அமைப்பைக் கொண்டு அதைப் படைத்தவரைப் பற்றி எதைச் சொல்லலாம் என்ற கேள்வி இம்மண்ணுக்குப் புதியதன்று.

இயற்கையின் அடிப்படை அளவுகள் உயிருக்கு ஏற்ற குறுகிய எல்லைக்குள் அமைந்திருப்பது தற்செயலன்று, கடவுளின் எண்ணமே என்பதுதான் நுண்ணிசைவு வாதம். நம் உடலிலுள்ள காபனை எடுத்துக்கொள்வோம். அது விண்மீன்களினுள் மூன்று ஈலியக் கருக்கள் இணைவதால் உண்டாகிறது. முதல் இரண்டும் சேர்ந்து உருவாகும் பெரிலியம் கண்ணிமைக்குமுன்னரே உடைந்துவிடுவதால், மூன்றாவது வந்து சேர்வது மிக அரிது. ஆயினும் காபன் ஏராளமாக இருக்கிறது. எனவே அதன் கருவில் ஏறத்தாழ 7.65 மெகா இலத்திரன்வோல்ற்றுச் சக்தியில் ஒரு பரிவு நிலை, அதாவது அவ்விணைவை எளிதாக்கும் ஒரு சக்தி நிலை, இருந்தேயாக வேண்டும் என்று வானியலாளர் பிரெட் ஹொயில் 1953இல் துணிந்து கூற, கலிபோர்னியாவில் நடந்த பரிசோதனை அதை மெய்ப்பித்தது. இறைநம்பிக்கையற்ற அவரே பிற்காலத்தில், ஒரு பேரறிவு பௌதிகத்தில் கைவைத்தது போலத் தோன்றுகிறது என்று எழுதினார்.

இதைக் கேட்டதும் கடவுள் நிரூபிக்கப்பட்டார் என்று மகிழ எனக்கும் ஆசைதான். ஆனால் நமது கிணறுகளை எண்ணிப் பாருங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லினுள் நன்னீர் கடல்நீரின்மேல் வில்லைபோல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நிற்கும். அடர்த்தி வேறுபாடே இதற்குக் காரணம் என்று அறிந்த பின்னரும், அள்ளிக் குடிக்கும்போது என் நன்றி குறைந்ததில்லை. ஆனால் வேறு விளக்கமில்லை, ஆகவே கடவுள் என்று ஒருவர் வாதித்திருந்தால், அடர்த்தியை அளந்த அன்றே அவ்வாதம் வீழ்ந்திருக்கும்.

நுண்ணிசைவு வாதத்துக்கும் இதே ஆபத்து உண்டு. அளவுகள் வேறுபடும் பல பிரபஞ்சங்கள் இருக்குமானால், உயிருக்கு இடமளிக்கும் ஒன்றிலிருந்துதான் நாம் வியக்க முடியும். இது கடவுளை மறுக்கப் புனைந்த சாட்டு என்று நம் சபைகளில் சொல்லப்படுவது நியாயமன்று. இச்சிந்தனையைக் கொண்டே பௌதிகவியலாளர் ஸ்ரீவன் வைன்பேர்க் 1987இல், வெற்றுவெளியின் சக்தியைக் குறிக்கும் அண்டவியல் மாறிலிக்கு ஓர் எல்லை கணித்தார். 1998இல் வெளிவந்த அவதானிப்புகள் அதற்குள்ளேயே அமைந்தன. அப்பிரபஞ்சங்களை எவரும் கண்டதில்லை என்பதும், அவற்றைத் தோற்றுவிக்கும் விதி எங்கிருந்து வந்தது என்று பின்னும் கேட்கலாம் என்பதும் உண்மையே.

பெருவெடிப்புக் கொள்கைக்கு வித்திட்ட லெமைத்ர ஒரு கத்தோலிக்கக் குரு. 1951இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் அக்கொள்கையைப் படைப்புக்குச் சான்றாக எடுத்துக்காட்டியபோது லெமைத்ர மகிழவில்லை. நாளை மாறக்கூடிய கருதுகோளில் விசுவாசத்தைக் கட்டிவைக்க அவர் விரும்பவில்லை. நானும் அவர் பக்கமே நிற்கிறேன். இவ்வாதம் முழுமையாக வென்றாலும் அளந்து வைத்த ஓர் அறிவையே காட்டும். லாசருவின் கல்லறையருகே கண்ணீர் விட்ட இயேசுவைக் காட்டாது.

அளவு குறித்தவர் யார் என்ற கேள்வி யோபுவின் ஆகமத்தில், பிள்ளைகளை இழந்து சாம்பலில் உட்கார்ந்த யோபுவிடம் கடவுளால் கேட்கப்படுகிறது. அவ்வாறு இழந்தவர்கள் இம்மண்டபத்திலும் இருக்கிறீர்கள். காபன் கருவின் கணக்கை உங்களுக்கு ஆறுதலாகத் தர நான் துணியமாட்டேன். அந்தக் கேள்வியின் முன்னே உங்களோடு சேர்ந்து நிற்கவே வந்திருக்கிறேன்.