"பாக்க நல்லாத்தானே இருக்க?": கத்திரி வெயில்ல எம்எஸ்ஸோட ஒரு பேச்சு

வணக்கம் மக்களே, எல்லாரும் எப்படி இருக்கீங்க? மதுரையில கத்திரி ஆரம்பிச்சிருச்சு. பின்னாடி ஃபேன் சத்தம் கேக்கும், கொஞ்சம் பொறுத்துக்கங்க. இன்னைக்கு அதை நிறுத்திட்டு என்னால பேச முடியாது. ஏன்னு இந்த வீடியோவுலயே சொல்லிடுறேன்.

திண்டுக்கல் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. இப்பதான் மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ், சுருக்கமா எம்எஸ்னு தெரிஞ்சிருக்கு. வேலைக்குச் சேந்து ஒரு வருஷம்கூட ஆகல. "அக்கா, ஆபீஸ்ல சொல்லணுமா, வேணாமா? சொன்னா வேலை போயிருமோன்னு பயமா இருக்கு. சொல்லலன்னா சோம்பேறின்னு நெனைக்கிறாங்க. நல்லா நடக்குறேன், பேசுறேன், சிரிக்கிறேன். எனக்கு உடம்புக்கு முடியலன்னா யாருக்கா நம்புவா?" அழுதுகிட்டே பேசியிருந்தாங்க. தங்கச்சி, உங்களுக்காகத்தான் இந்த வீடியோ. உங்கள மாதிரி வெளிய தெரியாத வலியோட இருக்க எல்லாருக்கும்.

புதுசா வந்தவங்களுக்காக ரெண்டு வார்த்தை. எம்எஸ்னா என்ன? நம்ம மூளையிலயும் தண்டுவடத்துலயும் இருக்க நரம்புகளுக்கு மேல மயலின்னு ஒரு உறை இருக்கு, கரண்டு வயருக்கு மேல இருக்க ரப்பர் மாதிரி. நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே அந்த உறையைத் தாக்குது. எந்த எடத்துல உறை போகுதோ, அதுக்கு ஏத்த மாதிரி கண்ணு, காலு, கை, பேச்சு, சிறுநீர்னு ஏதாவது ஒண்ணு தடுமாறும். பெரும்பாலும் 20லருந்து 40 வயசுக்குள்ள வருது, ஆம்பளைங்களை விட பொம்பளைங்களுக்கு அதிகமா வருது. தொத்து நோய் கிடையாது. முழுசா குணமாக்க இன்னும் மருந்து இல்ல. ஆனா திரும்பத் திரும்பத் தாக்குறதைக் குறைக்க நல்ல மருந்துங்க இருக்கு.

எனக்கு வலது கண்ணுலதான் ஆரம்பிச்சுது. கண்ணை உருட்டிப் பாத்தா உள்ளுக்குள்ள வலிக்கும். அப்புறம் ஒரு நாள் எங்கம்மா அரக்குச் சேலை கட்டியிருந்தாங்க. இடது கண்ணுல பாத்தா அரக்கு. வலது கண்ணுல மட்டும் பாத்தா சாயம் போயி வெளுத்துக் கெடக்கு. ஒரே சேலை, ஒரே நேரம். கண்ணாடி போட்டா சரியாயிரும்னு நெனச்சுப் போனா, டாக்டர் ஒரு சிவப்பு மூடியை எடுத்து, ஒவ்வொரு கண்ணா மூடிட்டுப் பாக்கச் சொன்னார். "ரெண்டுலயும் ஒரே சிவப்பா தெரியுதாம்மா?"ன்னு கேட்டார். இல்லன்னேன். உடனே நரம்பு டாக்டருக்கு எழுதிக் கொடுத்துட்டார். பார்வை நரம்புல வீக்கம், ஆப்டிக் நியூரைட்டிஸ். எம்ஆர்ஐ எடுத்தப்பதான் மூளையில வெள்ளை வெள்ளையா புள்ளிங்க இருக்குறது தெரிஞ்சுது. பாக்குறவங்க யாருக்கும் அந்தப் புள்ளி தெரியாது. அவங்களுக்குத் தெரியறது என் மூஞ்சிதான், அது நல்லாத்தான் இருக்கு.

இப்ப வெயிலுக்கு வரேன். உறை போன நரம்புக்கு சூடு ஆகாது. உடம்புச் சூடு அரை டிகிரி கூடினாலே போதும், அந்த எடத்துல செய்தி போறது தடைபட்டுரும். 1890லயே வில்ஹெல்ம் ஊட்ஹாஃப்னு ஒரு ஜெர்மன் கண் டாக்டர், எம்எஸ் இருக்கவங்க உடற்பயிற்சி பண்ணா கொஞ்ச நேரம் பார்வை மங்குதுன்னு எழுதி வச்சிருக்கார். உடம்பு சூடாகுறதுதான் காரணம்னு பின்னாடி புரிஞ்சுது. இன்னைக்கும் அவர் பேர்லதான் டாக்டருங்க சொல்றாங்க. சூடு எறங்கினா பெரும்பாலும் பழைய நெலமைக்குத் திரும்பிரும்.

கேக்க எளிசா இருக்கு. வாழ்ந்து பாத்தாத்தான் அதுல உள்ள கஷ்டம் தெரியும். மதியம் ஒரு மணிக்கு வெளிய போயிட்டு வந்து ஆபீஸ் மாடிப்படி ஏறுனா, இடது காலு படியில தட்டும். கம்பியைப் பிடிச்சுத்தான் ஏறணும். நாலு மணிக்கு ஏசியில உக்காந்து தண்ணி குடிச்சு, அதே படியில ஒழுங்கா எறங்கிப் போவேன். ஒரு மணிக்கு என்னைப் பாத்தவங்க வேற, நாலு மணிக்குப் பாத்தவங்க வேற. "காலைல நல்லாத்தானே நடந்த?" முன்னாடி வேலை பாத்த ஒரு எடத்துல "நடிக்கிறா"ன்னு என் காதுபடவே சொன்னாங்க. அது பட்ட எடம் ரொம்ப நாள் ஆறல.

ஆனா அதைவிட மோசம் என்ன தெரியுமா? நாலு மணிக்கு நல்லா ஆனதும் நமக்கே சந்தேகம் வந்துரும். நெசமாவே அவ்வளவு முடியலையா, நாமதான் பெருசு பண்ணிட்டமோன்னு. மத்தவங்க நம்பாததுகூடப் பரவால்ல, நம்ம உடம்பை நாமே நம்பாம இருக்குறது நம்மளைத் தின்னுரும். அந்த சந்தேகத்துலதான் நெறைய பேர் நல்லா இருக்க நேரத்துல நாளைக்கான தெம்பையும் சேத்து வேலை பாத்துட்டு மறுநாள் படுத்துர்றாங்க. தன்னை ஏத்துக்குறதுன்னா என்னன்னு நெறைய பேர் பெருசு பெருசாப் பேசுறாங்க. என்னைப் பொறுத்தவரை இவ்வளவுதான்: ஒரு மணிக்குக் கம்பியைப் பிடிச்சவளும் நான்தான், நாலு மணிக்கு எறங்கினவளும் நான்தான். ரெண்டு பேர் சொல்றதும் உண்மை.

அப்படி நம்ப ஆரம்பிச்சதும் நாளே மாறிருச்சு. நான் ஆடிட்டர் ஆபீஸ்ல கணக்கு பாக்குறேன். மாசம் 11, 20 ரெண்டு தேதியும் எங்களுக்குத் தீ மாதிரி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடணும். அதுக்கு முந்தின நாள்ல கல்யாணம், காதுகுத்து எதுவும் வச்சுக்க மாட்டேன். கணக்கு சரி பாக்குற வேலையெல்லாம் காலைல, தலை தெளிவா இருக்கப்ப. மதியம் போன் பேசுறது, ஃபைல் அடுக்குறது. கழுத்துல போட ஈரத்துண்டு ஒண்ணு எப்பவும் ஃப்ரிட்ஜ்ல இருக்கும். உடற்பயிற்சி பண்ணாதன்னு அந்தக் காலத்துல எம்எஸ் காரங்களுக்குச் சொல்வாங்களாம். இப்ப பண்ணச் சொல்றாங்க, சூடு ஏறாம, நடுநடுவுல நிறுத்திப் பண்ணணும். நான் விடியக்காலைல மொட்டை மாடியில நடக்குறேன்.

பொம்பளைங்களுக்கு ஒண்ணு கண்டிப்பா சொல்லணும். எம்எஸ்ல சிறுநீர் அவசரமா வரும், அடக்க முடியாது. வெளிய கழிவறை கெடைக்காதுன்னு பயந்து தண்ணியே குடிக்காம இருக்கோம். தயவுசெஞ்சு அப்படி இருக்காதீங்க. சிறுநீர்ல கிருமி சேந்து காய்ச்சல் வந்தா, அந்தச் சூட்டுலயே காலு, கண்ணு எல்லாம் திரும்பத் தடுமாறும். டாக்டர்கிட்ட வெக்கப்படாம சொல்லுங்க, இதுக்கும் மருந்து இருக்கு. அதே மாதிரி எல்லாத்தையும் வெயில் மேல போட்டுட்டு வீட்ல இருந்துராதீங்க. புதுசா ஒரு தொந்தரவு வந்து, காய்ச்சலும் இல்லாம, உடம்பு குளிர்ந்த பிறகும் 24 மணி நேரத்துக்கு மேல நீடிச்சா அது புதுத் தாக்குதலா இருக்கலாம். டாக்டரைப் பாத்தே ஆகணும்.

பஸ்ல நடந்ததைச் சொல்றேன். டவுன் பஸ்ல உக்காந்திருக்கேன், சிம்மக்கல்ல ஒரு பெரியவர் ஏறுறார். ஒரு அம்மா என்னைப் பாத்து, "ஏம்மா, வயசுப் புள்ள, எந்திரிச்சு அவருக்கு எடம் குடும்மா"ங்குறாங்க. அவங்க சொல்றது தப்பே இல்ல, அவங்க கண்ணுக்குத் தெரிஞ்சதை வச்சு நியாயம் பேசுறாங்க. நான் மெதுவா, "எனக்கு நரம்புல பிரச்னைம்மா, நின்னா விழுந்துருவேன்"னேன். அவ்வளவுதான். ரிப்போர்ட்டைக் காட்டல, கதை சொல்லல. அந்த அம்மா ஒரு நிமிஷம் பாத்துட்டு, பின்னாடி உக்காந்திருந்த ஒரு தம்பியை எழுப்பி விட்டாங்க. எப்பவும் இப்படி முடியாது, முணுமுணுத்துட்டுப் போறவங்களும் உண்டு. அவங்களை நம்பவைக்கணும்னு நான் கெளம்புனா, வீட்டுக்குப் போயி எம்புள்ளைக்குத் தோசை ஊத்தத் தெம்பு இருக்காது. எனக்கு அந்தத் தோசை முக்கியம்.

சித்திரைத் திருவிழாவுக்கும் இப்படித்தான். அழகர் ஆத்துல எறங்குறதைக் கூட்டத்துல நின்னு பாக்க என்னால முடியாது. அத்தைக்கு முதல்ல வருத்தம். இப்ப அதுக்கு முந்தின நாள், மதுரைக்கு வர்ற அழகரை எதிர்கொண்டு வரவேற்குற எதிர்சேவைக்குத் தல்லாகுளத்துக்கு ஒரு சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிர்றோம். திண்ணையில நாற்காலி போட்டு, ஈரத்துண்டோட உக்காந்துக்குவேன். தோல் பையில தண்ணியை நிரப்பிப் பீய்ச்சிக்கிட்டு வர்ற பக்தர்கள் நம்ம மேலயும் ரெண்டு பீய்ச்சு பீய்ச்சிட்டுப் போவாங்க. இப்ப அத்தையே எனக்குப் பக்கத்துல நாற்காலி போட்டுக்குறாங்க, அவங்களுக்கும் முழங்கால் வலியாம். இத்தனை நாளா சொல்லவே இல்ல.

சரி தங்கச்சி, உங்க கேள்வி. ஆபீஸ்ல சொல்லணுமா? முதல்ல சட்டம் தெரிஞ்சுக்கங்க. 1995 சட்டத்துல 7 வகை ஊனம்தான் இருந்துச்சு. 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 ஆச்சு, அதுல மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் பேர் போட்டே இருக்கு. அரசு வேலையில இருக்கும்போது இப்படி ஆனா, அதைக் காரணம் காட்டி வேலையை விட்டு எடுக்கவோ பதவியைக் குறைக்கவோ கூடாதுன்னு சொல்லுது. தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை வச்சிருக்கணும். யூடிஐடி அட்டைக்கு, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிங்க. ஊனம் எத்தனை சதவீதம்னு பாத்து அட்டையோட நிறம் மாறும்: 40 சதவீதத்துக்குக் கீழ வெள்ளை, 40லருந்து மஞ்சள், 80லருந்து நீலம். பெரும்பாலான சலுகைக்கு 40 வேணும். நம்ம நோய்க்கு இதுல ஒரு சிக்கல்: நல்லா இருக்க நாள்ல போனா சதவீதம் கொறஞ்சிரும். அதனால பழைய ரிப்போர்ட், எம்ஆர்ஐ, ஆஸ்பத்திரியில படுத்த சீட்டு எல்லாத்தையும் தேதி வாரியா அடுக்கி எடுத்துட்டுப் போங்க. சதவீதம் கம்மியா வந்தா உங்க கஷ்டம் கம்மின்னு அர்த்தம் எடுத்துக்காதீங்க.

ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லணும்னு இல்ல. உங்க நாளை மாத்தக் கூடியவர் யாரோ, அவர்கிட்ட மட்டும் சொல்லுங்க. சொல்றப்ப நோயைப் பத்தி ரொம்பப் பேசாம, என்ன வேணும்னு பேசுங்க. நான் எங்க சார்கிட்ட கேட்டது மூணுதான்: காலைல சீக்கிரம் வந்து சீக்கிரம் கெளம்பணும், மதியம் வெளிவேலை வேணாம், ஏசி பக்கத்துல சீட்டு. "வேலை முடிஞ்சா போதும்மா"ன்னார். எல்லா எடத்துலயும் இப்படி ஒருத்தர் இருப்பார்னு நான் சொல்ல மாட்டேன். உங்க எடம் எப்படின்னு உங்களுக்குத்தான் தெரியும். பயமா இருந்தா கொஞ்ச நாள் பொறுத்து, ஒருத்தர் ரெண்டு பேரோட மனசைப் பாத்துட்டுச் சொல்லுங்க, அதுல குத்தம் ஒண்ணுமில்ல. ஆனா அதுவரைக்கும் மதியம் ஒரு மணிக்கு உக்காரணும்னா உக்காந்துருங்க.

மே 30 உலக எம்எஸ் தினம். அன்னைக்குச் சாயங்காலம், வெயில் தாழ்ந்ததும் லைவ் வரேன். யூடிஐடி விண்ணப்பத்தை ஆன்லைன்ல எப்படிப் போடுறதுன்னு சேந்தே பண்ணுவோம். ஆதார், போட்டோ, ரிப்போர்ட் எல்லாத்தையும் பக்கத்துல வச்சுக்கங்க. திண்டுக்கல் தங்கச்சி, நீங்களும் வந்துருங்க.