சாவைக் காட்டாத ஒரு வாழ்க்கைப் படம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

இளம் வயதில் இறந்துபோன ராக் பாடகர் ஒருவரைப் பற்றிப் படம் எடுக்கப் புறப்படுகிறவர்களுக்குப் பெரும்பாலும் அவருடைய சாவுதான் கதை. குடி, போதை, அலறும் கூட்டம், கடைசியில் ஒரு ஹோட்டல் அறை அல்லது நொறுங்கிய கார். அந்த மனிதர் எப்படிப் பாட்டுக் கட்டினார், யார் வீட்டில் உட்கார்ந்து கட்டினார் என்பதெல்லாம் நடுவில் காணாமல் போய்விடும். அப்படிப் போகாத ஒரு ரஷ்யப் படத்தைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன். 2018-இல் வெளிவந்த 'லேத்தோ'. கோடைக்காலம் என்று பொருள். இயக்கியவர் கிரில் செரெப்ரென்னிக்கவ்.

படத்தின் நாயகன் விக்தர் சோய். 1962-இல் லெனின்கிராடில் பிறந்தவர். தந்தை கொரிய வம்சாவளியைச் சேர்ந்த பொறியாளர், தாய் ரஷ்யர், உடற்பயிற்சி ஆசிரியை. 'கினோ' என்ற குழுவின் பாடகர். 1990 ஆகஸ்ட் 15 அன்று லாத்வியாவில் அவர் ஓட்டிச் சென்ற மாஸ்க்விச் கார் ஒரு பேருந்தில் மோதியது. அப்போது அவருக்கு வயது 28. அதற்கு இரண்டு மாதத்துக்கும் குறைவான காலத்துக்கு முன்புதான் மாஸ்கோவின் லுஷ்னிக்கி மைதானத்தில் மாபெரும் கூட்டத்தின் முன் பாடியிருந்தார்.

இதில் எதுவும் படத்தில் இல்லை. மைதானமும் இல்லை, விபத்தும் இல்லை. 1980-களின் தொடக்கம், சோய்க்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை, யாருக்கும் அவரைத் தெரியாது. அந்தக் காலத்தோடு படம் நின்றுவிடுகிறது.

தொடக்கக் காட்சியைப் பாருங்கள். லெனின்கிராட் ராக் கிளப். ரூபின்ஷ்தெய்ன் தெருவில் 13-ஆம் எண் கட்டடத்தில் 1981-இல் உண்மையாகவே திறக்கப்பட்ட இடம் அது. அரசு அனுமதி உண்டு. கூடவே உளவுத்துறையின் கண்ணும் உண்டு. மேடையில் 'சூபார்க்' குழுவின் மைக் நவுமெங்கோ பாடுகிறார். கீழே இளைஞர்கள் நாற்காலியில் கை கட்டாத குறையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஆடக் கூடாது, எழுந்து நிற்கக் கூடாது. ஒரு பெண் இதயம் வரைந்த தாளைத் தலைக்கு மேல் தூக்குகிறாள். காவலுக்கு நிற்பவர் வந்து இறக்கச் சொல்கிறார். அவ்வளவுதான். ஆனால் இசை உடம்பில் ஏற ஏற, தரையில் செருப்புகள் மட்டும் தாளம் போடுகின்றன. ஒரு ஆட்சி எதையெல்லாம் கண்டு பயந்தது என்பதை இதைவிடத் தெளிவாக எனக்குக் காட்டிய படம் வேறில்லை.

அங்கே பாட வேண்டுமென்றால் பாடல் வரிகளை முன்கூட்டியே தணிக்கைக்குக் கொடுக்க வேண்டும். சோயிடம் இருப்பதோ, தான் ஒரு சோம்பேறி என்று சொல்லிக்கொள்ளும் ஒருவனின் பாட்டு. அதில் என்ன தப்பு என்று நமக்குத் தோன்றும். சோவியத் ஒன்றியத்தில் வேலைக்குப் போகாமல் இருப்பது சட்டப்படி குற்றம். 1964-இல் கவிஞர் ஜோசப் பிராட்ஸ்கி அந்தக் குற்றச்சாட்டில்தான் தண்டிக்கப்பட்டார். பின்னாளில் சோயே ஒரு கொதிகலன் அறையில் கரி அள்ளிப்போடும் வேலை பார்த்தார். அப்படியொரு நாட்டில் 'நான் சும்மா இருக்கிறேன்' என்று கிட்டாரோடு பாடுவதைவிடப் பெரிய கலகம் என்ன வேண்டும்? படத்தில் மைக்தான் காப்பாற்றுகிறார்: இது அப்படிப்பட்டவர்களைக் கேலி செய்யும் பாட்டு என்று அதிகாரிகளிடம் எடுத்துச் சொல்கிறார். தன்னைவிடப் பெரிய பாடகனாக வரப்போகிறவன் இவன் என்று தெரிந்தே கைதூக்கி விடுகிறார். மைக்கின் மனைவி நதாலியாவுக்கும் சோய்க்கும் இடையே மெல்லிய ஈர்ப்பு ஒன்று இருப்பதும் அவருக்குத் தெரியும். நதாலியாவின் நினைவுக் குறிப்புகளிலிருந்துதான் இந்தக் கதை உருவானது. மைக் 1991-இல் 36 வயதில் இறந்துவிட்டார். என்னைக் கேட்டால், இது சோயின் படம் என்பதைவிட மைக்கின் படம்.

மாஸ்கோவில் தமிழாக்கி அச்சிட்ட சோவியத் புத்தகங்களை ஆசையாக வாசித்து வளர்ந்தவர்கள் இந்த நிகழ்ச்சியைக் கேட்கிறவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அந்த வழவழப்பான பக்கங்களில் இந்த இளைஞர்களுக்கு இடம் இருக்கவில்லை.

படம் கறுப்பு வெள்ளை. நடுநடுவே அது தன்னை மறந்து துள்ளுகிறது. ரயிலில் ஒரு பெரியவர், எதிரி நாட்டுப் பாட்டைப் பாடுகிறீர்களா என்று இளைஞர்களைத் திட்ட, அது அடிதடியாகி, பிறகு ரயில் பெட்டியே பாடத் தொடங்குகிறது. திரையில் கையால் கிறுக்கிய கோடுகள் பறக்கின்றன. அப்புறம் ஒரு பாத்திரம் கேமராவைப் பார்த்து அறிவிக்கிறான்: 'இது நடக்கவில்லை.' அந்தத் தலைமுறையின் மூத்த பாடகர் போரிஸ் கிரெபென்ஷிக்கவ், இந்தத் திரைக்கதை முழுக்கப் பொய் என்று கோபப்பட்டார். கூடவே வாழ்ந்தவருடைய கோபத்துக்கு மதிப்பு உண்டு. ஆனாலும், பொய் சொல்லும் இடத்தில் பொய் என்று தானே சொல்லிவிடும் வாழ்க்கைப் படங்கள் எத்தனை இருக்கின்றன?

சோயாக நடித்தவர் ஜெர்மனியில் பிறந்த கொரிய நடிகர் தியோ யூ. ரஷ்ய மொழி தெரியாதவர். நாம் கேட்பது இரவல் குரல். அது உறுத்தவே இல்லை, ஏனென்றால் அவர் பேசாமல் இருக்கும் நேரத்தில்தான் அதிகம் நடிக்கிறார்.

படப்பிடிப்பு முடியும் முன்பே, 2017 ஆகஸ்டில், இயக்குநர் கைது செய்யப்பட்டார். அரசுப் பணத்தைக் கையாடல் செய்ததாக வழக்கு. அதை அவர் மறுத்தார். வீட்டுக் காவலில் இருந்தபடியே படத்தொகுப்பை முடித்தார். 2018 மே மாதம் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் படம் திரையிடப்பட்டபோது அவர் வர முடியவில்லை. நடிகர்கள் அவர் பெயர் எழுதிய பலகையைத் தூக்கிக்கொண்டு சிவப்புக் கம்பளத்தில் நடந்தார்கள்.

சோயின் பாட்டு இன்னும் சிலரைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது. மாற்றம் வேண்டும் என்று அவர் பாடிய பாட்டு ஒன்று உண்டு. 2020 ஆகஸ்டில் பெலாரஸ் தலைநகர் மின்ஸ்கில், அரசு சார்பில் நடந்த நிகழ்ச்சியில் இரண்டு ஒலி அமைப்பாளர்கள் அதைத் திடீரென்று ஒலிபரப்பினார்கள். இருவருக்கும் பத்து நாள் சிறை. பாடியவர் இறந்து முப்பது வருடம் ஆகியிருந்தது.

படத்தைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கினோவின் முதல் தொகுப்பான '45'-ஐக் கேட்டுவிடுங்கள். 1982-இல் லெனின்கிராடில், பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒலிப்பதிவு வகுப்பு என்ற பெயரில் ஆந்த்ரேய் த்ரொப்பில்லோ நடத்திவந்த ஒலிக்கூடத்தில் பதிவானது. கோபப்பட்ட அதே கிரெபென்ஷிக்கவ் அன்று கூட இருந்து உதவியிருக்கிறார். மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை. அந்தப் பையனின் குரலில் எவ்வளவு சிரிப்பு இருக்கிறது என்பது புரியும்.

நன்றி, வணக்கம்.