அரசன் எரித்த சுருள்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். எருசலேமைத் தலைநகராகக் கொண்ட பழைய யூதா நாட்டின் வரலாறு நம் கைக்கு வந்துசேர்ந்தது அரசர்களாலா, எழுத்தர்களாலா என்பது இன்றைய வழக்கு. எழுத்தர்களால்தான் என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், கோட்டை கட்டியவனும் போர் நடத்தியவனும் அரசன், எழுத்தனோ அவனிடம் கூலிக்கு எழுதியவன் என்றார்.

அந்தக் கூற்றை விவிலியத்தில் உள்ள எரேமியா நூலின் 36ஆம் அதிகாரத்தில் வைத்துப் பார்ப்போம். யூதாவின் அரசன் யோயாக்கீம் ஆண்ட காலத்தில், எரேமியா என்னும் தீர்க்கதரிசி சொல்லச் சொல்ல, நேரியாவின் மகன் பாருக்கு என்னும் எழுத்தன் மையினால் ஒரு சுருளில் எழுதுகிறான். எரேமியா எருசலேம் ஆலயத்துக்குள் போக முடியாத நிலையில் இருந்ததால், சாப்பானின் மகன் கெமரியா என்னும் அதிகாரியின் அறையிலிருந்து பாருக்கே மக்கள் கேட்க அதை வாசிக்கிறான். செய்தி அரண்மனைக்கு எட்டுகிறது. குளிர்காலத்து மாளிகையில் கணப்பின் முன் அரசன் அமர்ந்திருக்க, யெகுதி என்பவன் மூன்று நான்கு பத்திகளை வாசிக்கும்தோறும் அரசன் அவற்றைக் கத்தியால் அறுத்துத் தீயில் போடுகிறான். சுருள் முழுவதும் எரிந்துபோகிறது. எரிக்க வேண்டாம் என்று மன்றாடிய மூவரில் கெமரியாவும் ஒருவன். எழுதியவனையும் சொன்னவனையும் பிடிக்க ஆணை பிறக்கிறது. அவர்களோ அகப்படாமல், வேறொரு சுருளை எடுத்து, எரிந்த சொற்கள் அனைத்தையும் மீண்டும் எழுதி, மேலும் பல சொற்களையும் சேர்த்தார்கள். கூலிக்கு எழுதுகிறவன் உயிருக்கு ஆபத்து வந்தபின் இரண்டாம் முறை எழுதுவானா, நடுவர் அவர்களே?

இதை வெறும் கதை என்று எதிரணியினர் தள்ளிவிட முடியாது. 1982இல் எருசலேமின் தாவீதின் நகரப் பகுதியில் யிகால் ஷிலோ நடத்திய அகழாய்வில், ஐம்பதுக்கு மேற்பட்ட களிமண் முத்திரைப் பதிவுகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றில் ‘சாப்பானின் மகன் கெமரியா’ என்ற பெயர் இருக்கிறது. அறிஞர் பலர் அவனை இந்தக் கெமரியாவாகவே கொள்கிறார்கள். கி.மு. 586இல் பாபிலோனியர் நகரைக் கொளுத்தியபோது ஏடுகள் வெந்துபோயின. அவற்றைக் கட்டி முத்திரையிட்ட களிமண் அதே தீயில் சுடப்பட்டு இறுகி நின்றது.

யூதாவின் முந்தைய அரசன் எசேக்கியா வெட்டிய சீலோவாம் நீர்ச் சுரங்கத்தை எதிரணியினர் பெருமையுடன் காட்டினார்கள். பெருமைக்குரிய பணிதான், ஐயமில்லை. 1880இல் அந்தச் சுரங்கச் சுவரில் கண்டெடுத்த கல்வெட்டு, இரு புறமிருந்தும் பாறையைக் குடைந்து வந்த தொழிலாளர்கள் ஒருவர் குரலை ஒருவர் கேட்டதைச் சொல்கிறது. அதில் எந்த அரசன் பெயரும் இல்லை. நகருக்குள் தண்ணீர் கொண்டுவந்தவன் எசேக்கியா என்பதை விவிலியத்தின் இராஜாக்கள் நூலை எழுதியவரே நமக்குச் சொன்னார்.

எழுத்தர்களை வளர்த்தது அரசவைதானே என்ற கேள்வியில் நியாயம் உண்டு. எசேக்கியாவின் ஆட்கள் நீதிமொழிகளைப் பெயர்த்தெழுதினார்கள் என்று நீதிமொழிகள் நூலே கூறுகிறது. ஆனால் அரசவை அழிந்தபின் என்ன நடந்தது? அரியணை மீளவே இல்லை. அப்படியிருந்தும் பாரசீகர் ஆட்சியில் எஸ்றா என்னும் வேதபாரகர், அதாவது வேத எழுத்தர், எருசலேமின் தண்ணீர் வாசலுக்கு முன்னே மரமேடையில் நின்று, காலைமுதல் நண்பகல்வரை யூதரின் வேதச் சட்டமாகிய நியாயப்பிரமாணத்தை வாசித்தார், மக்கள் அழுதார்கள். அவர்களைக் கூட்டியது ஓர் ஏடு.

இறுதியாக, கி.மு. 597இல் சிறைப்பட்டுப் பாபிலோனுக்குப் போன, யோயாக்கீமின் மகன் யோயாக்கீன் அரசனை எடுத்துக்கொள்வோம். விவிலியத்துக்கு வெளியே அவனுடைய சிறைவாழ்வுக்குச் சான்றாக நிற்பவை, பாபிலோனில் கிடைத்து 1939இல் வெளியிடப்பட்ட களிமண் பலகைகள். யூதாவின் அரசனுக்கும் அவன் மகன்கள் ஐவருக்கும் அளந்துகொடுத்த எண்ணெயின் கணக்கு அவற்றில் இருக்கிறது. அதைக் குறித்துவைத்தவன் பகைவனின் பண்டகசாலையில் இருந்த ஒரு கணக்கெழுத்தன். இதற்கு எதிரணியினர் என்ன மறுமொழி வைத்திருக்கிறார்கள் என்பதைக் கேட்டபின் தாங்கள் தீர்ப்பளிக்க வேண்டுகிறேன், நடுவர் அவர்களே.